வள்ளி என்னும் வாழும் பெயர்

(பெயர்சூட்டு விழாவொன்றில் ஆற்றிய உரை)

   

இம்மகவுக்கு வள்ளி என்று பெயர்சூட்டியுள்ளனர் பெற்றோர். “இதுவோ ஒரு பெயர்? பட்டிக்காட்டுப் பெயராயிற்றே!” என்று உறவினர் சிலர் முகஞ்சுளித்ததாக அறிந்தேன். அவர்களை யான் கடிந்துகொள்ள வரவில்லை. இப்பெயர் எத்தகையது, எங்ஙனம் இத்தனை நூற்றாண்டுகள் வாழ்ந்தது என்பதை எடுத்துரைப்பதே அவர்களுக்கு நான் கூறும் விடை.

வள் என்பது வளைதற்பொருள் தரும் வேர். வளை, வளையல், வளையம், வளைவு யாவும் அதன் வழிப்பட்டன. வளைந்தும் சுற்றியும் படர்வது வள்ளி, அஃதாவது கொடி. அக்கொடியின் கிழங்கு வள்ளிக்கிழங்கு. அமெரிக்க மண்ணில் தோன்றிய இருவேறு கிழங்குகள் பிற்காலத்தே கடல்கடந்து இங்கு வந்தபோது, நம் உழவர் எந்தப் புலவரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒன்றை மரவள்ளி என்றனர். மற்றொன்றைச் சருக்கரைவள்ளி என்றனர். நேற்று வந்த பொருளுக்கும் பெயர்தர வல்ல சொல் எங்ஙனம் பழம்பஞ்சாங்கச் சொல்லாகும்?

பூங்கொடி, மலர்க்கொடி என்று நாம் புதியனவாகப் பெயர் சூட்டி மகிழ்கின்றோம். நன்று, சூட்டுக! ஆயின் அவற்றுக்கெல்லாம் மூத்த உடன்பிறந்தாள் இந்த வள்ளி. பொருளும் ஒன்றே. புதுப்பெண்களைக் கொண்டாடும் நாம் மூத்தவளை மறந்துவிட்டோம்.

கழக இலக்கியத்துள் நற்றிணையும் பரிபாடலும் முருகனோடு இணைத்து வள்ளியைக் கூறுகின்றன. அவள் அரண்மனையிற் பிறந்தவளல்லள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கிடந்த குழந்தையைக் குறவர் எடுத்து வளர்த்தனர். அதனாலேயே அப்பெயர் வைத்தனர் என்பது வழிவழிக் கதை. அவள் பரண்மீதேறித் தினைப்புனங் காத்தாள். கவண் சுழற்றிக் கிளியோட்டினாள். தெய்வமே அவளைத் தேடிப் புனத்திற்கு வந்தது. அவள் தெய்வத்தைத் தேடி ஓடவில்லை. உழைக்கும் பெண்ணுக்கு இதனினும் உயர்வு வேறெந்தக் கதையில் உண்டு? களையெடுப்பவளும் கதிரறுப்பவளும் இப்பெயரைத் தம் பெயராகக் கொண்டது இதனாலேயே.

கதை மட்டும் ஒரு பெயரை வாழவைத்துவிடாது. அதனை வாழவைத்தது நம் குடும்ப வழக்கம். மகன் மகளின் மக்களைப் பெயரன், பெயர்த்தி என்கின்றோம். பேரன், பேத்தி என்று மருவிய அச்சொற்களின் பொருளை எண்ணிப் பார்த்தீர்களா? பாட்டனின் பெயரைத் தாங்கியவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்கியவள் பெயர்த்தி. உறவுமுறைச் சொல்லிலேயே பெயர்வைக்கும் முறையைப் பொதிந்துவைத்த மக்கள் நாம்! பாட்டி வள்ளியம்மை, ஒரு தலைமுறை கடந்து பெயர்த்தி வள்ளியம்மை. மாமியார் பெயரைச் சொல்லக் கூசிய மருமகள் தன் குழந்தையை ‘ஆத்தா’ என்று அழைத்தாள், பெயரையோ மாற்றவில்லை. ஆண்மக்களும் இப்பெயரை விட்டாரில்லை. வள்ளியப்பன், வள்ளிநாயகம், வள்ளிமுத்து என ஆண்பெயர்களும் அவள் பெயரிலிருந்தே கிளைத்தன.

இப்பெயர் கடலையும் கடந்தது. 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னையிலிருந்து சென்ற கப்பல் நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறக்கிற்று. நிலமும் வீடும் உடன்கொண்டு செல்ல இயலாது. மொழியையும் பெயரையும் கொண்டுசெல்லலாம்; கொண்டுசென்றனர். பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலேயே 1898-இல் பிறந்த ஒரு பெண், தாய்வழி ஊரால் தில்லையாடி வள்ளியம்மை என்று நம்மால் போற்றப்பெறுகின்றாள். நம் திருமணங்கள் அங்குச் செல்லா என்ற தீர்ப்பும், ஒப்பந்தம் முடிந்தோர்மீது சுமத்திய மூன்று பவுன் தலைவரியும் 1913-இல் போராட்டத்தை மூட்டின. வள்ளியம்மை சிறைபுகுந்தாள். அங்கேயே நோயுற்றாள். விடுதலையான சிறிது காலத்தில், 1914 பிப்பிரவரி 22-ஆம் நாள், பதினாறே அகவையில் மறைந்தாள். சிறை சென்றதற்கு வருந்துகின்றாயா என்று காந்தியடிகள் வினவியபோது, மீண்டும் செல்ல அணியமாயிருப்பதாகவே அவள் விடையிறுத்தாள். பட்டிக்காட்டுப் பெயர் என்கின்றவர்களே! அந்தப் பெயரைத் தாங்கியவள் ஒரு வல்லரசின் சட்டத்தை எதிர்த்து நின்றாள்.

தமிழ்நாட்டிலும் வள்ளி வாளாவிருந்தாளல்லள். சங்கரதாசு அடிகளின் வள்ளி திருமணம் ஊர்தோறும் விடியவிடிய நடந்தது. அந்நாடக மேடையில் விசுவநாததாசு வெள்ளைக்கொக்கைப் பாடி வெள்ளையர் ஆட்சியைச் சாடினார், பலமுறை சிறைப்பட்டார், 1940-இல் மேடையிலேயே உயிர்துறந்தார். கிளியோட்டும் பெண்ணின் கதை ஆளவந்தோரை ஓட்டும் கதையாயிற்று.

இத்தகைய பெயர் இன்று எந்நிலையில் உள்ளது? பாட்டிமாரிடம் இருக்கின்றது, தொட்டில்களில் அருகுகின்றது. பொருள் யாதென்று பெற்றோரே அறியாத பெயர்கள், வடவெழுத்தின்றி எழுதவொண்ணாப் பெயர்கள், எண்பலன் கூறுவோர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் விற்கும் பெயர்கள் நம் பிள்ளைகள்மீது ஏறியமர்கின்றன. தன் பெயரின் பொருளென்ன என்று வினவும் குழந்தைக்கு விடைசொல்ல இயலாத பெற்றோர், அக்குழந்தைக்குத் தந்தது பெயரன்று, வெற்றொலி.

ஒன்றை மனங்கொள்க! பெயர்த்தி என்னும் சங்கிலியில் ஒரு கண்ணி அற்றால் போதும். பாட்டியின் பெயரை இத்தலைமுறை கைவிட்டால், அடுத்த தலைமுறைக்குத் தர ஒரு பெயர் இராது. பகைவர் எவரும் வந்து பறிக்கவேண்டுவதில்லை. நம் நாணமே பறித்துவிடும்.

எனவே தாய்மார்களே, நான் வேண்டுவது பெரிதன்று. இன்றிரவு இல்லம் சென்றதும் உங்கள் பாட்டியர், பூட்டியர் பெயர்களைக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதுங்கள். வள்ளி, பொன்னி, அங்கம்மை, முத்தம்மை என எத்தனை நல்ல தமிழ்ப்பெயர்கள் அங்கே உறங்குகின்றன என்று காண்பீர்கள். அடுத்துப் பிறக்கும் பெண்மகவுக்கு அவற்றுள் ஒன்றைச் சூட்டுங்கள். சூட்டியபின் சுருக்காமல், திரிக்காமல், வாய்நிறைய அழையுங்கள். அழைக்க அழைக்கவே பெயர் வாழும்.