எல்லையில் சோதனை, லயத்தில் வேதனை!

(மலையகத் தொழிலாளர் சுகாதாரம் பற்றி அட்டனில் ஆற்றிய உரை)



மலையகத் தொழிலாளியின் உடல்நலம் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். இந்தச் சரித்திரம் அட்டனில் தொடங்கவில்லை. கடலுக்கு அப்பால், இராமேஸ்வரத்தை அடுத்த மண்டபத்தில் தொடங்குகிறது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பல் வழியும் திறக்கப்பட்டன. அதன்பின் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை ஜில்லாக்களில் ஆள் திரட்டிய கங்காணி, தன் கூட்டத்தை மண்டபம் முகாமில் கொண்டுவந்து ஒப்படைத்தான். இந்திய மண்ணில் இலங்கைச் சர்க்கார் நடத்திய முகாம் அது! அங்கே அம்மை குத்தினார்கள்; கொள்ளை நோய்க்கும் வாந்திபேதிக்கும் அஞ்சி நாட்கணக்கில் மறித்து வைத்தார்கள்.

வாசலில் நோயைத் தடுப்பது தவறென்று நான் சொல்லவில்லை. எந்த நாடும் அதைச் செய்யும். முகாமில் காட்டிய அக்கறையில் கால்வாசியாவது லயத்தில் காட்டினார்களா என்பதே என் கேள்வி.

சட்டம் இல்லாமலில்லை. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று 1872இலேயே, கோப்பிக் காலத்திலேயே, ஒரு சட்டம் பிறந்தது. 1912இல் அதைப் புதுப்பித்தார்கள். ஆனால் நாட்டின் மற்றக் குடிகளின் நோய் அரசாங்கத்தின் கவலையாக வளர்ந்து வந்தபோது, தொழிலாளியின் நோய் துரையின் பொறுப்பிலேயே விடப்பட்டது. கோளாறு அங்கேதான்.

கொக்கிப்புழுவின் கதையைக் கேளுங்கள். 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதியில் அப்புழுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கியது. அது பரவும் விதத்தைக் கமக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியில் கழித்த மலத்திலுள்ள முட்டை ஈரமண்ணில் பொரிக்கிறது. வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. தேயிலை மலையோ ஓயாத ஈரம். கொழுந்தெடுப்பவளின் காலோ வெறுங்கால். மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. அவள் அதே காலோடு அதே மலையில் ஏறினாள். புழுவும் திரும்ப ஏறிற்று! மருந்துக்குச் செலவு கொஞ்சம். லயந்தோறும் மலகூடம் கட்டச் செலவு அதிகம். துரைமார் எதற்கு இசைந்தனர், எதற்குத் தயங்கினர் என்று நான் சொல்லவும் வேண்டுமா? இரத்தம் குறைந்த உடல் கொழுந்தும் குறைவாகவே எடுக்கும் என்று கணக்குக் காட்டித்தான் அவர்களை இவ்வளவுக்கேனும் இணங்கவைக்க வேண்டியிருந்தது. மனிதனுக்காக அன்று, இறாத்தலுக்காக!

பிறகு 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1947இல் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களில் பெரும்பாலோர் 1952இல் வாக்குச் சாவடியை எட்டிப்பார்க்கவும் முடியவில்லை. வாக்கில்லாத ஊருக்கு ஆஸ்பத்திரி கேட்டு எந்த அங்கத்தவர் எழுந்திருப்பார்? 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றரை லட்சத்தைப் பின்னொரு நாளைக்கு ஒதுக்கினார்கள். தலையை எண்ணினார்களே தவிர, குடும்பத்தை எண்ணவில்லை. திரும்பிப் போனவர்களுக்கு இடைத்தங்கல் முகாமாக அமைந்ததும் அதே மண்டபந்தான்!

பிரசாவுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. உடலின் குறை தீர்ந்ததா? 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் ஏற்கும் வேலை 1990களில் ஆரம்பமாகியும் இன்னும் முடிந்தபாடில்லை.

கடல் கடந்து உதவி வராமலில்லை. இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியை டிக்கோயா கிளங்கனில் 2017 மே மாதம் பிரதமர் மோடி திறந்துவைத்தார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவையும் 2016இல் இந்திய நன்கொடையில் பிறந்ததே. நன்றியோடு ஏற்போம். ஆனால் அம்புலன்ஸ் தார் ரோட்டில் அல்லவா ஓடும்? மேல்டிவிசன் லயத்தில் இடுப்புவலி கண்டவளை ரோட்டுவரை யார் சுமப்பது? இராஜதந்திரிகள் ஆஸ்பத்திரி கட்டலாம். லயத்திலிருந்து ரோட்டுக்குப் பாதை வெட்டவேண்டியது தோட்டக் கம்பெனியும் பிரதேச சபையும் மாகாண சபையுந்தான்.

பாஷையும் ஒரு நோயாகிவிட்டது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழரே பெரும்பான்மையினர். அப்படியிருந்தும், தன் வயிற்றுவலியை வைத்தியருக்குச் சொல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடும் கிழவியை இந்த மாவட்டத்தில் எவரும் காணலாம். தமிழறிந்த வைத்தியரையும் தாதியையும் மலைக்கு நியமிக்குமாறு சுகாதார அமைச்சைக் கேட்கவேண்டும். அதுவரை, இங்கே அமர்ந்திருக்கும் வைத்தியர்கள் மருந்துச் சீட்டில் தமிழிலும் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனை வேளை, சோற்றுக்கு முன்னா பின்னா என்று. அதற்குக் கொழும்பின் உத்தரவும் டில்லியின் ஒப்பந்தமும் தேவையில்லை.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு சொல். கர்ப்பிணி கிளினிக்குக்குப் போய் மத்தியானம் திரும்பினால் அரைப்பேர்; வரிசையில் நின்று நேரம் போய்விட்டால் அந்தப் பேரும் இல்லை. வயிற்றுப் பிள்ளையா, வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் சோறா என்று அவள் கணக்குப் பார்க்கிறாள். கிளினிக் நாளுக்கு முழுப்பேர் போடவேண்டும் என்பதை அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் முதற் கோரிக்கையாக வையுங்கள்.