நட்டுக் குழிக்குள் பாருங்கள்



வீட்டிலேயே சாயம் அடித்த ஸ்போர்ட் ரிம் ஒன்றைக் காட்டி, ‘எப்படி இருக்கிறது?’ என்று யாராவது கேட்டால், நான் அதன் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முகம் பளபளக்கத்தான் செய்யும், அதற்காகத்தானே அடித்தார்கள். முதலில் குனிந்து நட்டு இறங்கும் குழிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஸ்போக்கின் பக்கவாட்டில் விரலை ஓட்ட வேண்டும். அதற்கப்புறம் டயரும் ரிம்மும் சேருகிற விளிம்பு. குழிக்குள் பழைய பிரேக் தூசு கருத்துக் கிடந்தாலோ, பக்கவாட்டில் சேண்ட் பேப்பர் எட்டாத பழைய சாயம் தட்டுப்பட்டாலோ, டயரின் மேல் புதுச் சாயம் படிந்திருந்தாலோ, அடித்தவருக்குத் தெளிக்கத் தெரியும், தயார் செய்யத் தெரியாது என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் கறாரான தீர்ப்புதான். ஆனால் இந்தக் கைவேலையின் பெரும்பங்கு டப்பாவைக் குலுக்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இதைப் பண்டமாரானை வைத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கிள்ளான் பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். 1948இல் மலாயாவில் தொடங்கிய அவசரகாலத்தில், பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் மக்களைக் குடியேற்றிய புதுக்கிராமம் ஒரு பக்கம். பிற்பாடு எழுந்த தாமான்களின் வரிசை வீடுகள் இன்னொரு பக்கம். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் ஆன துறைமுகம் கூப்பிடு தூரத்தில். அதன் நார்த்போர்ட், வெஸ்ட்போர்ட்ஸ் முனையங்களுக்கு ஓடுகிற கொள்கலன் லாரிகள் சாலையில் பொடிக்கல்லைச் சிதறிவிட்டுப் போகும். கடற்காற்று அதன் மேல் உப்பைத் தூவும். ரிம்முக்கு இதைவிடப் பொல்லாத இடம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறு இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அலாய் ரிம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அலுமினியத்தோடு ஏறக்குறைய 7 விழுக்காடு சிலிக்கனும் துளி மெக்னீசியமும் சேர்த்து வார்த்தது. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதனால்தான் அது இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிர்வதில்லை. ஆனால் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கல் பட்டு, கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சு தெறித்த இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்துவிட்டால், கிளியருக்கு அடியில் வெண்புழு ஊர்ந்த தடம் போலக் கோடுகள் பரவும். டைமண்ட் கட் ரிம்களில் இந்தத் தொல்லை அதிகம். கடைசல் இயந்திரத்தில் சீவிய வெறும் உலோக முகத்தின் மேல் கிளியர் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு அடியில் காவலுக்குச் சாயம் கிடையாது. விளிம்பில் மாட்டும் பேலன்சிங் எடை இரும்பாக இருந்துவிட்டால், அந்த இடத்திலும் அரிப்பு சீக்கிரம் தொடங்கும். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீர் தேங்கினால் அலுமினியம்தான் கரையும்.

ரிம்மில் அலுமினியம் நுழைந்தது அழகுக்காக அல்ல. 1924இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த பந்தயத்துக்காகப் புகாட்டி தன் டைப் 35 கார்களுக்கு வார்ப்பு அலுமினியச் சக்கரங்களை மாட்டியபோது, எடை குறைய வேண்டும், பிரேக்கின் சூடு சீக்கிரம் ஆற வேண்டும் என்பதே நோக்கம். அழகு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் அழகுதான் முதலில் வந்தது. 2005இல் மைவி கார் சாலைக்கு வந்த பிறகு, ரிம் மாற்றுவது இளைஞர்களுக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஹாஃப் கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிம் செட் கிடைக்கும். உரசிப்போன, நிறம் மங்கிய செட் என்றால் விலையும் இறங்கும். அதை வாங்கி வீட்டு போர்ச்சில் வைத்துப் புதுப்பிப்பதில்தான் இந்தக் கலை வளர்ந்தது. 1996இல் ரேஸ் நிறுவனம் கொண்டுவந்த டிஇ37 ரிம்மின் வெண்கல நிறத்தை, அந்த ரிம்மைத் தொட்டே பார்க்காதவர்கள்கூடத் தங்கள் ரிம்மில் பூசியிருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிறத்துக்கு யாரும் பட்டா வாங்கி வைத்திருக்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதல் எதிரி நாமே ஆசையோடு பூசுகிற டயர் ஷைன். அதில் சிலிக்கோன் இருக்கும். அது ரிம்மிலும் தெறித்துப் படியும். சோப்பு போட்டுக் கழுவினால் போனது போலத் தெரியும், போயிருக்காது. அதன் மேல் சாயம் அடித்தால், சாயம் ஒட்டாமல் விலகி, சின்னச் சின்ன வட்டக் குழிகளாக நிற்கும். பட்டறைக்காரர்கள் அதை ‘ஃபிஷ் ஐ’ என்பார்கள். ஒரு தடவை வந்துவிட்டால் மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைக்க முடியாது. தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகவே ரிம்மைத் தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய்ப் பசை நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். ஒரு துணியால் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியை வைத்துத் துடைத்தால் பசை இடம் மாறும், அவ்வளவுதான். முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு துடைப்பவர்கள் சிலிக்கோனைக் கீறலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். இந்த வரிசை ஒன்றுதான் நல்ல வேலையையும் மோசமான வேலையையும் பெரும்பாலும் பிரிக்கிறது.

பிரேக் தூசு வேறு வகை. தேய்ந்த இரும்புத் துகள் சூட்டோடு பறந்து வந்து கிளியரில் பதிந்திருக்கும். இரும்புத் துகள் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால் ஊதா நிறமாக வழியும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சாலையோரக் கட்டையில் உரசிய வடுவை 240 அல்லது 320 எண் சேண்ட் பேப்பரால் சமன்படுத்தி, ஆழமாக இருந்தால் உலோகத்துக்கான புட்டி வைத்து, 400, 600 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். கண்ணை நம்பக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். வெறும் அலுமினியம் தெரிகிற இடத்தில் சாதாரண பிரைமர் நிலைக்காது, ஆக்சைடு படலம் உடனே வந்து மூடிவிடும். அமிலம் கலந்த எட்ச் பிரைமர்தான் அந்தப் படலத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதை மெல்லியதாக ஒரு பூச்சு. அதற்கு மேல் கீறல்களை நிரப்பும் பிரைமர். டயரைக் கழற்றாமல் செய்பவர்கள் டயருக்கும் ரிம் உதட்டுக்கும் நடுவே பழைய சீட்டுக்கட்டு அட்டைகளைச் சுற்றிலும் செருகுவார்கள். மலிவான, அருமையான யுக்தி. மாஸ்கிங் டேப் அந்த வளைவில் இவ்வளவு நேர்த்தியாக உட்காராது.

இனி வானம். இதில்தான் நம் ஊர் மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. கடைகளில் கிடைக்கும் பைலாக்ஸ், சாமுராய் போன்ற டப்பாச் சாயங்களில் கரைப்பான் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பூச்சின் மேல் நீராவி படியும். பளபளப்பு போய் வெள்ளையாகப் பூத்துவிடும். கிள்ளானில் விடியற்காலைக் காற்று ஈரத்தில் ஊறிக் கிடக்கும். மதியம் ஈரம் குறையும். ஆனால் மூன்று நான்கு மணிக்கு மேகம் கூடி இடி மழை வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, காலை பத்து மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை கிடைப்பதுதான் தெளிக்கும் நேரம். அப்போதும் ரிம்மை வெயிலில் வைக்கக் கூடாது. உலோகம் சுட்டால் சாயம் படிந்த வேகத்தில் காய்ந்து, சொரசொரவென்று நிற்கும். போர்ச் நிழல்தான் சரி.

சங்கடம் என்னவென்றால், நம்மில் பலர் இந்த வேலையைத் தீபாவளிக்கு முன்புதான் தொடங்குகிறோம். வீட்டுச் சுவருக்குச் சாயம் பூசும்போது காருக்கும் ஒரு கை பார்த்துவிடலாம் என்ற எண்ணம். அக்டோபரும் நவம்பரும் மேற்குக் கரையில் பருவக்காற்று மாறுகிற, பிற்பகல் இடி மழை உச்சத்தில் இருக்கும் மாதங்கள். ஜூன், ஜூலை ஒப்பிடும்போது வறட்சி; வேலைக்கு அதுதான் ஏற்றது. ஆகஸ்டில் புகைமூட்டம் வந்தால் அந்த மாதமும் கெட்டது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலையே அறிவித்தார்கள். அந்த மாதிரி நாளில் ஈரச் சாயத்தின் மேல் என்னவெல்லாம் வந்து ஒட்டும் என்று சொல்லவே வேண்டாம்.

நிறத்தைப் பற்றி எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வெள்ளி நிறம்தான் மிகக் கடினம். அதில் இருக்கும் அலுமினியத் துகள்கள் ஈரமான பூச்சில் அமிழ்ந்து கருத்துத் தெரியும். உலர்ந்த பூச்சில் மேலே நின்று வெளுத்துத் தெரியும். நான்கு ரிம்முக்கும் ஒரே தூரம், ஒரே வேகம், ஒரே இடைவெளி இல்லையென்றால், முன்சக்கரம் ஒரு வெள்ளி, பின்சக்கரம் ஒரு வெள்ளி. டப்பாவை 20லிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ரிம்முக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடிப்பவருக்குத்தான் வெள்ளி நிறம் வசப்படும். பளபளக்கும் கருப்பும் லேசானதல்ல. அடியில் விட்ட ஒவ்வொரு கீறலையும் அது காட்டிக்கொடுக்கும். மங்கலான கருப்பு எல்லாவற்றையும் மன்னித்துவிடும், அதனால்தான் அதற்கு இவ்வளவு ஆதரவு. முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சொல்வது துப்பாக்கி உலோக நிறம், அதாவது கன்மெட்டல். பிரேக் தூசும் அதில் சட்டென்று தெரியாது.

கிளியர் பூச்சில் நான் கண்டிப்பானவன். ஹார்டனர் கலந்த 2கே கிளியர் டப்பாக்கள் கிடைக்கின்றன. பெட்ரோலுக்கு எளிதில் அசையாத, கண்ணாடி மாதிரிப் பூச்சு தரும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிது பட்டாலே மூச்சு முட்டும். முகத்தில் கட்டும் துணியோ, மருத்துவமனை முகக்கவசமோ அதைத் தடுக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில், பக்கத்து வீட்டு அங்கிள் துணி காயப்போட்டிருக்கும் இடத்துக்கு இரண்டு கெஜ தூரத்தில், இதை அடிப்பது சரியில்லை. வீட்டில் சாதாரண 1கே கிளியர் போதும். அது மென்மையானது, சீக்கிரம் தேயும். அந்தக் குறையை ஒத்துக்கொண்டு அடியுங்கள். அதற்கும் கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி வைத்த முகக்கவசமும் கையுறையும் வேண்டும்.

பவுடர் கோட்டிங் கடையோடு ஒப்பிட்டால்? உறுதியில் வீட்டு வேலை தோற்கும், சந்தேகமே இல்லை. அங்கே மாவாகத் தூவி ஏறக்குறைய 200 பாகை செல்சியஸில் வேகவைக்கிறார்கள். ரிம்மை வார்த்தபின் கெட்டிப்படுத்தும் பக்குவம் அதைவிடக் குறைந்த சூட்டில் நடந்தது என்பதால், அடுப்பின் சூட்டையும் நேரத்தையும் அளந்து செய்யும் கடையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். டைமண்ட் கட் முகத்தை வீட்டில் மீட்கவே முடியாது. அதற்குக் கடைசல் இயந்திரம் வேண்டும். விரிசல் விட்ட ரிம்மை யாரும் எங்கேயும் சாயம் அடித்து மறைக்கக் கூடாது. அது சாலைக் குழிக்குள் இறங்குகிற நாளில் உயிரோடு விளையாடும்.

பாதுகாப்பில் இன்னொன்று. நட்டு உட்காரும் கூம்பிலும், ரிம்மின் முதுகு ஹப்போடு சேரும் தட்டையான முகத்திலும் தடித்த சாயம் விழக் கூடாது. ஓடும்போது அந்தச் சாயம் நசுங்கி, நட்டின் பிடி தளரும். டேப் ஒட்டி மூடிவிடுங்கள். மாட்டும்போது கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள். சிறிய கார்களுக்கு அது பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும். பண்டமாரானிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை ஒருமுறை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வந்தபின் ரிம் ஆறியதும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

நன்றாகச் செய்த வீட்டு வேலை இந்த உப்புக் காற்றில் ஒன்றிரண்டு ஆண்டு முகம் மங்காமல் நின்றால் அதை வெற்றி என்றே நான் கணக்கெடுப்பேன். கார் வாஷில் ஆசிட் கலந்த ரிம் கிளீனரை அடிக்க விடாதீர்கள். வாளித் தண்ணீரும் ஷாம்பூவும் போதும். கடைக்காரரால் கொடுக்க முடியாத ஒரு வசதி வீட்டில் அடித்தவருக்கு உண்டு: கல் பட்டுத் தெறித்தால் அதே நிறத்தில் மிச்சச் சாயம் அலமாரியில் இருக்கும். அதற்கு நிறத்தின் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு மட்டும் வரும் வரை அழுத்திவிட்டு மூடி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை எடுக்கும்போது முனை அடைத்துக் கிடக்கும்.