காற்று முறை தவறினால் கடல் என்னாகும்?

(பங்கின் வைரவிழாவையொட்டி நடைபெற்ற மீனவர் மாலைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கடலைப் பற்றிப் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டபோது எங்களுக்குத் தயக்கமே உண்டாயிற்று. நாங்கள் சிலர் பள்ளியில் பாடம் சொன்னவர்கள். சிலர் தொழிலுக்குப் போய் ஓய்ந்தவர்கள். மன்னார் வளைகுடாவில் எந்தப் பார் எங்கே கிடக்கிறது, எந்தப் பாரில் எந்த மீன் நிற்கும் என்பதெல்லாம் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. அவர்களுக்கு நாங்கள் என்ன சொல்வது? ஆனால் அந்தப் பெரியவர்களே அண்மைக் காலமாக ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். "காற்று முன்னைப் போல இல்லை" என்பதே அந்த வார்த்தை. அதன் பொருள் என்ன என்பதைத்தான் இம்மாலையில் நாம் சேர்ந்து சிந்திக்கிறோம்.

நம் கடலுக்கு ஆண்டில் இரண்டு பெருங்காற்றுகள் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான். ஐப்பசி முதல் வாடை. இவ்விரண்டுக்கும் நடுவே கடல் சற்றே ஓய்ந்திருக்கும் நாட்கள். இந்த முறையை வைத்தே நம் முன்னோர் வலையை மாற்றினார்கள், வள்ளத்தைக் கரையேற்றினார்கள், பிள்ளைகளுக்குத் திருமண நாளும் குறித்தார்கள்.

காற்று என்றால் நமக்கு அச்சம். அது இயல்பே. ஆயினும் கரையிலிருப்போர் மறந்துவிடும் ஓர் உண்மை உண்டு. காற்றே கடலின் மூச்சு. வெயிலில் காய்ந்த மேல்நீரைக் கீழ்நீரோடு கலந்து ஆற்றுவது காற்று. வானத்து உயிர்வளியை நீருக்குள் அடித்துச் சேர்ப்பது காற்று. தென்முனைப் பக்கத்தில் ஆழத்திலுள்ள குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே கொண்டு வந்து சாளைக்கு உணவு விளையச் செய்வதும் கச்சான் காற்றே. ஆகவே காற்று மிஞ்சினாலும் கேடு. காற்று குறைந்தாலும் கேடு.

முதலில் காற்று குறைந்தால் நேர்வதைப் பார்ப்போம்.

பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் குளம்போல் கிடக்கும். வெயில் நீரைச் சுட வைக்கும். கச்சான் வந்ததும் சூடு தணியும். இதுவே முறை. சில ஆண்டுகளில் இந்தச் சூடு அளவு மீறுகிறது, நாட்கள் நீள்கின்றன. அதற்கு ஒரு காரணம் நம் கடலுக்கு வெகு தொலைவில், பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கிழக்குப் பகுதியின் நீர் சில ஆண்டுகளுக்கொரு முறை வழக்கத்துக்கு மேல் சூடேறும். அதனால் உலகெங்கும் காற்றும் மழையும் திசை மாறுகின்றன. கிறிஸ்து பிறப்புக் காலத்தையொட்டி இச்சூடு தெரிய வந்ததால், பெரு நாட்டுக் கரையோர மீனவர்கள் இதற்குக் குழந்தை இயேசுவைக் குறிக்கும் 'எல் நினோ' என்ற பெயரை வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் அறிஞர்கள் அல்லர். நம்மைப் போன்ற மீனவர்களே என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். இதனோடு, புகையாலும் எரிபொருளாலும் பூமி முழுவதும் சூடேறி வருவதும் சேர்ந்து கொள்கிறது.

சூட்டினால் கடலடியில் நடப்பது என்ன? பவளப்பாறை, அதாவது நாம் முருகைக்கல் என்பது, வெறுங்கல் அன்று. சிற்றுயிர்கள் கட்டிய வீடு. அவ்வுயிரின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு உணவு சமைத்து வீட்டுக்காரனுக்கும் கொடுப்பது அப்பாசியே. பாறைக்கு நிறம் தருவதும் அதுவே. நீரின் சூடு 30 பாகைக்கு மேல் ஏறிப் பல வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போகிறது, உணவும் போகிறது. விரைவில் சூடு தணிந்தால் பாசி திரும்பும், பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால் பட்டினியால் சாகும்.

2010-லும் 2016-லும் இதுவே நடந்தது. 2016 கோடையில் சங்கு குளித்துவிட்டு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள், "அடியிலும் வெந்நீர் போல இருக்கிறது, பார் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடக்கிறது" என்று சொன்னது இன்னும் நம் காதில் இருக்கிறது. அப்போது பலர் சிரித்தோம். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மூழ்கிப் பார்த்து எடுத்த கணக்கு வெளிவந்தபோது சிரிப்பு அடங்கியது. அதுவரை 100-க்கு ஏறக்குறைய 39 பங்காக இருந்த உயிருள்ள பவளம், அந்த ஓர் ஆண்டிலேயே 23 பங்காகக் குறைந்துவிட்டது. பவளம் செத்தால் அதன் இடுக்குகளில் வளரும் மீன்குஞ்சு எங்கே போகும்? அப்பிள்ளைகளின் பேச்சை அன்றே மதித்திருக்க வேண்டும்.

2019 செப்டம்பரில் மண்டபம் பக்கத்துக் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியதையும் நினைவுகூரலாம். இரவில் ஒளிரும் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் அளவின்றிப் பெருகியதால் வந்த கேடு அது. அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்துபோகிறது. காற்று ஓய்ந்து அலை கலக்காதிருந்தால் இந்த மூச்சுத்திணறல் இன்னும் கூடும்.

இனி, காற்று மிஞ்சினால் நேர்வது. 1964 டிசம்பர் 22 இரவை நம் வீட்டு மூத்தவர்கள் மறக்கவில்லை. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட மக்களுடன் கடலில் மூழ்கியது.

2017 நவம்பரில் ஒக்கி வந்தது. 29-ஆம் தேதி இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக் கடலில் புயலாயிற்று. சூடான கடல்நீர்தான் புயலுக்குத் தீனி. முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான வீடுகளில் ஆண்மக்கள் திரும்பவில்லை. உடல் கிடைக்காமல் அடக்கப் பூசையும் வைக்க முடியாமல் தவித்த தாய்மார்களை நாம் அறிவோம்.

மழையும் அப்படியே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், ஒரே நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகிக் கடலில் கலந்தது. ஆற்றுநீர் இலேசானது, உப்புநீரின் மேல் படர்ந்து நிற்கும். அது கொண்டுவரும் சேறு, பாரின் மேல் படிந்தால் வெளிச்சம் மறைந்து பவளம் திணறும்.

அன்பர்களே, இவற்றையெல்லாம் கேட்டதும், "வானிலை நம் கையிலா இருக்கிறது?" என்று தோன்றும். காற்று நம் கையில் இல்லை. ஆனால் கடலுக்குள் நமக்கென்று ஒரு மதில் இருக்கிறது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பார்களும் அலையின் வேகத்தைத் தாங்கிக் கரைக்கு அடக்கி அனுப்புகின்றன. அந்த மதிலை இடித்தவர்களில் நாமும் உண்டு. சுண்ணாம்புக்கும் சுவருக்கும் கடப்பாரை கொண்டு முருகைக்கல்லைப் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்தோம். வறுமைதான் காரணம், மறுக்கவில்லை. ஆனால் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. வான் தீவு சுருங்கிப்போய், 2015 முதல் அதனருகே செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டி வந்தது. புயலையும் சூட்டையும் குறை கூறுமுன் நம் கைகளையும் பார்த்துக்கொள்வது நேர்மை.

ஆகவே இவ்விழா ஆண்டில் மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, எச்சரிக்கை வந்தால் தொழிலுக்குப் போகாதிருப்போம். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் அலை, காற்று பற்றிய அறிவிப்புகளை வெளியிடுகிறது. அதை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்ல இளைஞர் மன்றம் முன்வரட்டும். ஒருநாள் வருமானம் போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்.

இரண்டாவது, பாரின்மேல் நங்கூரம் போடுவதையும், கிழிந்த வலையைக் கடலிலேயே விட்டு வருவதையும் நிறுத்துவோம். சூட்டில் நொந்து கிடக்கும் உயிரை நாமும் சேர்ந்து அடிக்க வேண்டாம்.

மூன்றாவது, நம் வாசகசாலையில் ஒரு குறிப்பேடு வைப்போம். இன்று எந்தக் காற்று, நீர் தெளிவா கலக்கமா, சூடு எப்படி, பாரில் என்ன நிறம், என்ன மீன் பட்டது என்று கரை திரும்புகிறவர் சொல்ல, படித்த பிள்ளைகள் எழுதட்டும். 2016-இல் நம் பிள்ளைகள் சொன்ன சொல் ஏட்டில் ஏறவில்லை, காற்றோடு போயிற்று. இனி அப்படிப் போகலாகாது. அடுத்த விழாவுக்குக் கூடும் தலைமுறை, "காற்று முன்னைப் போல இல்லை" என்று சொல்லும்போது, முன்னே எப்படி இருந்தது என்று பார்க்க அவர்களுக்கு அந்த ஏடாவது இருக்கட்டும்.

முதல் பக்கத்தில் எழுத எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இன்று காலையே கரைக்குப் போய்ப் பார்த்து வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டோம். நாளைய பக்கம் உங்களுடையது.