ஓயாத கவலையும் உளமருத்துவமும்

சுரங்கத்தில் இறங்கும் மனிதனுக்கு அச்சம் நோயன்று, அது காவல். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழமுடையது. பாறை வெடித்துச் சிதறும் அபாயம் அங்கே என்றும் இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்று உழைத்த நம்மவர், செவியைத் தீட்டிக்கொண்டு வாழ்ந்ததில் வியப்பில்லை.

ஆயின், சூழ்நிலைக்கு மீறிய கவலை ஆறு மாதங்களுக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில், அடக்கியும் அடங்காமல் வருத்துவதுண்டு. உறக்கம் கெடும், தசைகள் இறுகும், சோர்வும் எரிச்சலும் மிகும். இதனையே பொதுப் பதற்ற நோய் என்பர். இதற்கு மருந்துகள் உண்டு. மருந்தோடு சேர்த்தோ, மருந்தின்றியோ அளிக்கப்படும் உளமருத்துவ முறைகளுள் மூன்றை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, உடலைத் தளர்த்தும் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-ஆம் ஆண்டு இதனை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு தசையையும் இறுக்கிப் பின் தளர்த்தப் பழகுவதே இதன் சாரம்.

இரண்டாவது, எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் முறை. ஆரன் பெக் 1960-களில் இதற்கு அடிகோலினார். பெங்களூர் வேலைக்குச் சென்ற மகன் ஒரு மணி நேரம் தாமதித்தால், தாயின் மனம் விபத்தையே காண்கிறது. ‘இதற்குச் சான்று என்ன? முன்பு தாமதித்த நாட்களில் நேர்ந்தது என்ன?’ என்று எழுதிப் பார்க்க இம்முறை கற்பிக்கிறது.

மூன்றாவது, கவலையின் வேர்களைக் கடந்தகால வாழ்விலும் உறவுகளிலும் தேடும் உரையாடல்.

இவற்றுள் எது மேல்? 2009-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்றில் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் நற்பயன் தந்தன. ஆனால் கவலையைக் குறைப்பதில் இரண்டாவது முந்தியது. 65 ஆய்வுகளையும் 5,048 பேரையும் உள்ளடக்கி 2023-இல் வெளிவந்த தொகுப்பாய்வு, தளர்வுப் பயிற்சியும் எண்ணத்தைத் திருத்தும் முறையும் சிகிச்சை முடிவில் பயனளித்தன என்றது. 3 முதல் 12 மாதங்கள் கழிந்த பின்னும் பயன் நிலைத்ததாகக் காணப்பட்டது எண்ணத்தைத் திருத்தும் முறையில் மட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, கூலியிழந்த குடும்பங்களின் கவலை கற்பனையன்று. அதனைப் பிழையான எண்ணம் என்று ஒதுக்குவது மருத்துவமும் ஆகாது, நீதியும் ஆகாது. நல்ல சிகிச்சை கவலையை இரண்டாகப் பிரிக்கும். கைக்கு எட்டும் இடரானால், அதைத் தீர்க்கும் வழியைப் படிப்படியாகத் திட்டமிடச் செய்யும். ‘ஒருவேளை இப்படி நேர்ந்தால்?’ என்னும் ஊகமானால், அதனை ஊகமென்றே அறிந்து விடுத்திடப் பழக்கும். இரண்டையும் ஒன்றாகக் கொண்டால், தீர்க்கக்கூடிய துன்பமும் தீராமல் நிற்கும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொரு தேவையும் உண்டு. அஞ்சும் மனம் தாய்மொழியிலேயே அஞ்சுகிறது. ஆகவே தாய்மொழியில் பேச இடம் வேண்டும். 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தங்கவயலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது.

உடல் நோய்க்கு மருத்துவரை நாட நாம் நாணுவதில்லை. ஓயாத கவலைக்கும் அவ்வாறே உதவி நாடுவோமாக.