கோழிக்கு ஒரு ஜாதகம்



வாசகர் வட்டத்தில் பேச 'உணவும் அறமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இன்று ஞாயிறு. உங்களில் பாதிப் பேர் மதியம் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். மறைப்பானேன், நானும்தான். அதனால் கோழியைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

காலையில் கறிக்கடைக்குப் போனேன். நீண்ட வரிசை. முன்னால் நின்ற ஒவ்வொருவரும் "இன்னைக்குக் கிலோ என்ன விலை?" என்றுதான் கேட்டார்கள். பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருக்கிறது. இருந்தும் கேட்கிறார்கள். என் முறை வந்தபோது, "தம்பி, இது எத்தனை நாள் கோழி?" என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி கத்தியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங் சார், கோழிக்கு ஜாதகமா பாக்கப் போறீங்க?" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை: பார்த்தால்தான் என்ன?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மாடு வாங்கினால் சுழி பார்க்கிறோம். கோழிக்கு மட்டும் எதையும் பார்ப்பதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் குளிர்ப்பெட்டியைத் திறந்து பாருங்கள். தோலுரித்து, எலும்பு நீக்கி, தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று பொட்டலம் கட்டிய தேதி, இன்னொன்று காலாவதித் தேதி. பிறந்த தேதி மட்டும் இருக்காது. அது இல்லாமல் ஜாதகம் எப்படிக் கணிப்பது? எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. இந்த ஒரு ஜாதகத்தை மட்டும் கணித்துப் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் குலம். உலகத்துக் கோழிகளின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் கோழியின் மஞ்சள் தோல் வேறிடத்திலிருந்து வந்தது. நம் ஆனைமலைப் பக்கம் இன்றும் கூவுகிறதே சாம்பல் காட்டுக்கோழி, அந்த இனத்தின் மரபணுதான் மஞ்சள் தோலைக் கொடுத்தது என்று 2008-ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆக, கோழி நமக்கு அத்தை மகள் முறை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இன்று கடையில் தொங்குகிற கோழியின் குலம் காட்டில் தொடங்கவில்லை, ஒரு மளிகைக்கடையில் தொடங்கியது. அமெரிக்காவில் ஏ அண்ட் பி என்ற மிகப்பெரிய கடைச் சங்கிலி இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அது ஒரு போட்டிக்குப் புரவலர் ஆனது. போட்டியின் பெயர் 'நாளைய கோழி'. நெஞ்சு அகலமாக, தொடை தடிமனாக, சீக்கிரம் வளர்கிற கோழியை யார் உருவாக்குகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. 1948-ல் டெலவேர் மாநிலத்தில் இறுதிச் சுற்று நடந்தது. போட்டியாளர்கள் ஆளுக்கு 720 முட்டை அனுப்பினார்கள். குஞ்சு பொரித்து, 12 வாரம் வளர்த்து, அறுத்து, எடை போட்டு, நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள். வென்றவர் கலிஃபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ். 'காப்-வான்ட்ரஸ்' என்ற கோழியின நிறுவனத்தின் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். நம் பண்ணைகளில் 'காப் குஞ்சு' என்கிறார்களே, அந்தக் காப் இதுதான்.

அன்று 12 வாரம் கேட்ட வேலையை இன்றைய கோழி 6 வாரத்தில் முடித்துவிடுகிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். 1957-ன் கோழி ரகத்தையும் 2005-ன் ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆவது நாளில் பழைய கோழி 905 கிராம், புதிய கோழி 4,202 கிராம். ஊசி போட்டு வீங்க வைக்கிறார்கள் என்று ஊரில் ஒரு வதந்தி உண்டு. ஊசியே வேண்டாம், அய்யா. வேகம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. சதை வளர்கிற வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுக்க முடியவில்லை. கால் மடங்குகிறது, வயிற்றில் நீர் கோக்கிறது, நின்ற நிலையில் மாரடைத்து விழுகிறது. வயது என்ன? நாற்பது நாள். இறகைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் பெரிய கோழி, குரலைக் கேட்டால் இன்னும் குஞ்சு.

இரண்டாவது, தாய் தந்தை. இந்தக் குஞ்சுகளுக்கும் பெற்றோர் உண்டு. முட்டையிடுவதற்காகத் தனிப் பண்ணையில் ஓராண்டுக்கு மேல் வாழ்கிற பறவைகள் அவை. அவற்றுக்கு வயிறார இரை போட்டால் பிள்ளைகளைப் போலவே பெருத்துவிடும், முட்டை குறையும், செத்தும் போகும். அதனால் அளந்துதான் போடுகிறார்கள். பிள்ளைகள் தின்று தின்று சாகின்றன, பெற்றவர்கள் ஆயுள் முழுக்கப் பசியோடு இருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் இப்படியொரு விதியை எந்தச் சோதிடரும் எழுதியிருக்க மாட்டார்.

மூன்றாவது, வளர்ந்த வீடு. அது நம்மூர். பல்லடம், உடுமலை, பொங்கலூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் தோட்டத்துக்குத் தோட்டம் நீளக் கொட்டகை தெரியும். பக்கவாட்டில் கம்பிவலை, படுதா. கீழே தேங்காய் மஞ்சி. கோழிக்கு ஏறத்தாழ ஒரு சதுர அடி. முதல் வாரம் மைதானம் மாதிரி இருக்கும், ஆறாவது வாரம் தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். ராத்திரியிலும் விளக்கு எரியும், இரை எடுப்பது நிற்கக் கூடாது. சித்திரை வெயிலில் அந்த உடம்பின் சூடே அதற்கு எமன்.

கொட்டகைக்காரர் கொடுமைக்காரரா? எனக்கு மாமா முறையில் ஒருவர் இருபது வருஷமாகக் கறிக்கோழி வளர்க்கிறார். நடுராத்திரி கரண்ட் போனால் குழந்தை அழுத மாதிரி எழுந்து ஓடுகிறவர். அவர் சொன்னார்: "பேருக்குத்தான் பண்ணை என்னுது மாப்ள. குஞ்சு கம்பெனியோடது, தீவனம் கம்பெனியோடது, மருந்து கம்பெனியோடது. செத்தா மட்டும் என் கணக்கு." தன் கொட்டகைக் கோழியில் ஒன்றை அடித்துத் தன் பிள்ளைக்குக் குழம்பு வைக்க அவருக்கு உரிமை கிடையாது. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி.

அந்தக் கூலி எவ்வளவு? கிலோவுக்கு ஆறரை ரூபாய் அளவில்தான் வெகுகாலம் நின்றது. அதை உயர்த்தச் சொல்லித்தான் நம் பகுதி விவசாயிகள் திரும்பத் திரும்பப் போராடினார்கள். கணக்குப் போடுங்கள். 5,000 கோழி, கோழிக்கு 2 கிலோ, மொத்தம் 10,000 கிலோ. கூலி 65,000 ரூபாய். இதில் கரண்ட், மஞ்சி, குஞ்சுக்குக் கதகதப்பு மூட்டும் செலவு, கொட்டகை போட்ட பேங்க் கடன் எல்லாம் கழியும். கணவன் மனைவி இரண்டு பேர் ஆறு வாரம் ராப்பகலாகப் பார்த்த வேலை இது. தினமும் பல்லடத்திலிருந்து கறிக்கோழிக் கொள்முதல் விலை அறிவிப்பு வரும், பேப்பரில் போடுவார்கள். அந்த விலை ஏறினாலும் இறங்கினாலும் மாமாவின் ஆறரை ரூபாய் அசையவில்லை.

எங்கள் அம்மிச்சியும் கோழி வளர்த்தார். ஏழெட்டுக் கோழி, ஒரு கூடை. எந்தப் பெட்டை எந்த மாசம் பொரித்தது, எது அடைக்கு உட்காரும், எது முட்டையைக் கொத்திக் குடிக்கும் என்று எல்லாமே அவருக்கு அத்துப்படி. முட்டை விற்ற காசு சுருக்குப்பைக்குப் போகும். தாத்தா கேட்க முடியாது. அது அம்மிச்சியின் சிறுவாடு. என் முதல் ஜாமெட்ரி பாக்ஸ் அந்தச் சிறுவாட்டில் வாங்கியதுதான். கோழி கொட்டகைக்குப் போனபோது சுருக்குப்பையும் சேர்ந்தே போய்விட்டது. கோழி மலிந்த கதையில் இந்தக் காசை யாரும் கணக்கில் எழுதவில்லை.

நான்காவது, நோய் நொடி. 1950-ல் அமெரிக்காவில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர், தீவனத்தில் துளி ஆன்டிபயாடிக் கலந்தால் விலங்குகள் வேகமாக வளர்கின்றன என்று அறிவித்தார்கள். நோய்க்கு மருந்து என்பது போய் எடைக்கு மருந்து என்றாகிவிட்டது. கிருமிகளுக்கு அது நல்ல பள்ளிக்கூடம், தினமும் கொஞ்சம் மருந்து, தினமும் கொஞ்சம் பாடம். 2014-ல் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுப்பது. அதையும் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019-ல்தான் இந்திய அரசு அதைத் தடைசெய்தது. கறிக்கடையில் மிச்சம் பிடித்த இருபது ரூபாயை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வட்டியோடு கட்ட நேரலாம்.

ஐந்தாவது, ஆயுளும் முடிவும். மொபெட்டின் இரு பக்கமும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகிற கோழிகளைப் பார்க்காத ஆள் இங்கே உண்டா? விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவைக் கட்டிய அதே கை. வதைபடும்படி விலங்கை ஏற்றிச் செல்வது அந்தச் சட்டப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தலைகீழாகத் தொங்கிய கோழிக்குச் சட்டம் தருகிற நீதி ஒரு முட்டை தோசைக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

இப்போது உங்கள் மனதில் ஓடுவது எனக்குக் கேட்கிறது. 'இந்த ஆள் நம்மைச் சைவமாக்கப் பார்க்கிறான்.' இல்லை. யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மோப்பம் பிடித்து வீடு வாடகைக்கு விடுகிற நாடு இது. அந்த மூக்குகளுக்கு நான் துணை போகமாட்டேன். தீபாவளிக்கும் மாப்பிள்ளை விருந்துக்கும் மட்டும் வெந்த கோழி இன்று கூலி வேலை செய்பவர் வீட்டில் வாரம் ஒருமுறை வேகிறது. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஓர் ஏழைக்கு மலிவாகக் கொடுக்க இன்னோர் ஏழையின் கூலியில் கை வைப்பது தர்மம் ஆகாது. இன்னொன்று, மலிவின் முழுப் பலனும் ஏழைக்கா போகிறது? நம் கல்யாணப் பந்திகளில் இலையோடு மடித்துக் குப்பைக்குப் போகிற கறியைப் பாருங்கள். மலிவு என்பதால்தான் அது அவ்வளவு லேசாக மடிகிறது. அம்மிச்சி கோழி அடித்தால் எலும்பு மஜ்ஜை வரை உறிஞ்சுவோம்.

ஜாதகம் கணித்தால் பரிகாரமும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் ஒன்று நடந்தது. 2013-ல் அந்த நாட்டுச் சூப்பர் மார்க்கெட்டுகளும் கோழிப் பண்ணையாளர்களும் சேர்ந்து, மெதுவாக வளர்கிற கோழிக்கு மாறுவோம் என்று உடன்பாடு போட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரும் 'நாளைய கோழி'தான். அந்நாட்டின் போட்டி ஆணையம் கணக்குப் பார்த்தது. இந்த மாற்றத்துக்கு மக்கள் கிலோவுக்கு 82 சென்ட் அதிகம் தரத் தயார், ஆனால் செலவு 1 யூரோ 46 சென்ட் கூடும். கூட்டாக இப்படி விலை ஏற்றக் கூடாது என்று 2015-ல் உடன்பாட்டைச் செல்லாது என்றது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் விலங்கு நல அமைப்புகள் விடவில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதை விடவில்லை. ஒவ்வொரு கடையும் தனித்தனியே மாறியது. 2023 முடிவதற்குள் அந்நாட்டுச் சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்கும் பச்சைக் கோழிக்கறி முழுவதும் மெதுவாக வளரும் ரகத்துக்கு வந்துவிட்டது. ஓட்டல்களிலும் பதப்படுத்திய கறியிலும் வேகமாக வளரும் கோழி இன்னும் இருக்கிறது, உண்மை. ஆனால் கடைக்காரன் போட்ட முடிச்சைக் கடைக்காரனையே அவிழ்க்க வைக்க முடிந்தது.

வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில், தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இல்லை என்று சந்தைக் கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். புலாலை மறுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து தப்பிக்க வழியில்லை. கோழியின் விதியை எழுதுகிற கை கத்தி பிடித்த கை அல்ல, பை பிடித்த கை.

உடனே எல்லோரும் 'நாட்டுக்கோழி' என்ற பலகையைப் பார்த்து ஓட வேண்டாம். அந்தப் பெயரில் கொட்டகையில் வளர்கிற கலப்பினமும் விற்கிறது. பலகையை நம்பாதீர்கள், கேளுங்கள். எத்தனை நாள் கோழி? யார் வளர்த்தது? அவருக்குக் கிலோவுக்கு எவ்வளவு கிடைத்தது? என்ன மருந்து போட்டார்கள்? ஜல்லிக்கட்டுக் காளைக்காக 2017-ல் மெரினாவில் லட்சக்கணக்கில் கூடினோம். கோழிக்காகக் கூட வேண்டாம். வரிசையில் நின்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஒருவர் கேட்டால் கடைக்காரத் தம்பி சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் சப்ளை செய்பவரைக் கேட்பார். ஊரே கேட்டால் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். பொட்டலத்தில் இரண்டு தேதி அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு மூன்றாவது தேதி அச்சடிக்கவும் தெரியும்.

அடுத்த ஞாயிறு நானும் அதே கடைக்குத்தான் போகிறேன். தம்பி என்னைப் பார்த்ததும் சிரிப்பார், தெரியும். "வாங்க சார், ஜாதகம் பாக்க வந்துட்டீங்களா?" என்பார். அப்போது வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிற உங்களில் யாராவது ஒருவர், "எங்களுக்கும் சேர்த்துச் சொல்லுப்பா" என்று குரல் கொடுத்தால் போதும். இந்த மாலை வீண்போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.