மறுப்புக்குப் பின் ஒரு வாசல்



பள்ளிவாசல் என்றதும் 1940ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையமே நினைவுக்கு வரும். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அது. நான் பேச வந்ததோ, அவ்வூரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளியின் ரேஷன் அட்டையைப் பற்றி.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது விலையின்றி வழங்கப்படுகிறது. நால்வர் கொண்ட குடும்பம் தவறுதலாக விடுபட்டால், மாதந்தோறும் 20 கிலோ தானியத்திற்கான உரிமை போகிறது. மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். அவர் ஆணையை எதிர்த்து மாநில உணவு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் பரிந்துரைத்த நிவாரணத்தை வழங்கத் தவறும் அலுவலருக்கு ஆணையம் ரூ. 5,000 வரை அபராதமும் விதிக்கலாம். ஏட்டளவில் குறையொன்றும் இல்லை.

என் பணியின் தொடக்க ஆண்டுகளில் 'தகுதியில்லை' என்ற ஒரே சொல்லை எழுதிக் கையொப்பமிட்ட கோப்புகள் பல. அவற்றை எதிர்த்து எவரும் மேல்முறையீடு செய்யவில்லை. அதை என் முடிவுகளின் செம்மைக்குச் சான்றாகவே நெடுநாள் எண்ணியிருந்தேன்! காரணம் தெரியாதவர் எதை மறுத்து வாதிடுவார்?

இங்கே மொழியும் குறுக்கிடுகிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. விடை எம்மொழியில் வர வேண்டும் என்று அது கூறவில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம். விடையும் தமிழிலேயே தரப்பட வேண்டும். அவ்விடை காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

தொலைவு அடுத்த தடை. மாவட்டத் தலைமையிடமான பைனாவுக்கு மலைப்பாதையில் சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். பீகாரில் 2016 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள பொதுக் குறைதீர்ப்பு உரிமைச் சட்டம், உட்கோட்ட அளவிலேயே மனுதாரரையும் துறை அலுவலரையும் எதிரெதிரே அமர்த்தி விசாரிக்கிறது. 60 வேலை நாட்கள் கெடு. தேவிகுளம் வட்டத்திலும் அவ்வாறு விசாரணை நடத்த இயலாதா?

ஏற்கெனவே பெற்றுவரும் உதவியை நிறுத்துவது இன்னும் கடுமையானது. வாழ்வாதார உதவியை நிறுத்துமுன் விசாரணை வேண்டும் என 1970இல் கோல்ட்பர்க் - கெல்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பணம் வீணாகாதா என்று நிதித்துறை நண்பர்கள் கேட்பார்கள். சிறிது வீணாகலாம். தகுதியற்றவருக்குச் சென்ற அரிசி தணிக்கையில் தெரியும். தகுதியுடையவருக்குச் செல்லாத அரிசி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

வட்ட வழங்கல் அலுவலகம் தரும் மறுப்புக் கடிதத்திலிருந்தே தொடங்கலாம். எந்த அளவுகோலின்படி மறுப்பு, எந்த ஆவணத்தைக் கொண்டு அம்முடிவு, யாரிடம் முறையிடுவது என்ற மூன்றையும் விண்ணப்பதாரரின் மொழியில் எழுதித் தர வேண்டும். முறையீட்டுக்குக் கெடு விதிப்பதாயின், அக்கடிதம் அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்தே அதை எண்ண வேண்டும்.