வேலை தேடுவோர்க்கு ஓர் ஆற்றுப்படை

(பரமத்தி வேலூரில் நடைபெற்ற மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

  

சென்ற ஆண்டு இதே விழாவில் ஒரு காட்சியைக் கண்டேன். பொறியியல் படித்துவிட்டு ஈராண்டுகளாக வேலை தேடிவந்த இளைஞர் ஒருவர், பூசை முடிந்தும் பந்திக்கு வராமல், வெளியே வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்தில் தனியே நின்றார். "ஏன் தம்பி, சாப்பிட வரவில்லையா?" என்றேன். "உள்ளே வந்தால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், ஐயா" என்றார். அக்கேள்வி யாதென்று நாம் அனைவரும் அறிவோம். அவர் எந்தக் கூட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கினாரோ, அந்தக் கூட்டத்திலேதான் அவருக்கு வழிகாட்ட வல்லவர்கள் இருந்தார்கள். இதனைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கின்றேன்.

தமிழில் ஆற்றுப்படை என்றோர் இலக்கிய வகை உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, இன்னாரிடம் செல்க, இன்ன வழியாகச் செல்க என்று ஆற்றுப்படுத்துவது அது. பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து நூல்கள் இவ்வகையின. இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. வழி சொல்பவன் உடன்பிறந்தானும் அல்லன், நெருங்கிய நண்பனும் அல்லன், வழியில் எதிர்ப்பட்டவன். அவன் வந்த வழி வேறு. ஆதலால் அவன் அறிந்ததும் வேறு.

இதே உண்மையை அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பாஸ்டன் நகரை அடுத்த ஊரொன்றில், பிறர் வழியாகச் செய்தி அறிந்து புதுவேலை பெற்றவர்களிடம், செய்தி சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்று கேட்டார். வாரம் இருமுறையாவது சந்தித்தோம் என்றவர்கள் நூற்றுக்கு 16.7 பேரே. அவ்வப்போது சந்தித்தோம் என்றவர்கள் 55.6 பேர். ஆண்டுக்கு ஒருமுறையோ அதனினும் குறைவாகவோ சந்தித்தோம் என்றவர்கள் 27.8 பேர். நெருங்கியவர்கள் அறிந்ததை நாமும் முன்பே அறிந்திருப்போம். புதுச் செய்தி தொலைவில் இருப்பவரிடமிருந்தே வருகின்றது.

ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் அத்தகையோர் கூடும் இடம் இவ்விழாவன்றி வேறு யாது? வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்து ஊர்களை வேராகக் கொண்ட நம் குடும்பங்கள் இன்று சேலத்திலும் சென்னையிலும் பெங்களூரிலும் பரவியுள்ளன. நாமக்கல் மாவட்டத்தின் நாடறிந்த தொழில் கோழிப்பண்ணை. கொல்லாமை விரதம் கருதி நம் பிள்ளைகள் அதனை நாடாமல் இருப்பது பெருமையே. ஆயினும் தேடும் களம் அதனால் சுருங்குகின்றதன்றோ? எனவே, லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழில், குமாரபாளையத்து விசைத்தறிகள், சேலத்துச் சவ்வரிசி ஆலைகள் என்று பிற துறைகளை அறிந்தவர்களின் சொல் நமக்கு மிகுதியும் தேவை. சிறு நிறுவனங்கள் பல, நாளிதழில் விளம்பரம் செய்யாமல் தெரிந்தவர் வழியாகவே ஆள் எடுக்கின்றன.

இளைஞர்களே, கேட்கும் முறை ஒன்றுண்டு. "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்றால் கேட்பவர் தலையசைப்பார். வீடு சேருமுன் மறந்துவிடுவார். "டேலியில் கணக்கு எழுதுவேன், ஜிஎஸ்டி படிவம் தாக்கல் செய்வேன். விசைத்தறி நிறுவனம் எதிலேனும் கணக்கர் எவரையாவது தெரியுமா? பத்து நிமிடம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அப்போது அவர் நினைவில் ஒரு பெயர் எழும். பேசிய பின், நடந்ததை அவருக்குத் தெரிவியுங்கள். ஒரே தன்விவரக் குறிப்பை நூறு இடங்களுக்கு அனுப்புவதைவிட, பத்து இடங்களை அறிந்து, அவ்வவ்விடத்துக்கு ஏற்ப எழுதி அனுப்புவது மேல்.

அரசுத் தேர்வையே நம்பியிருப்போர்க்கும் ஒரு சொல். குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழுக்குரியவை. அப்பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 பெறாவிடின் மற்றப் பகுதி மதிப்பிடப்படாது. ஆகவே, தமிழை இறுதி மாதத்துக்கு ஒதுக்காதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கின்றார்கள். ஆயினும் ஒரு தேர்வுக்காக எத்தனை ஆண்டு என்பதை முன்னரே வரையறுத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே ஒரு பணியிலும் இருங்கள்.

வழி சொல்வோர் அனைவரும் நல்லோர் அல்லர். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி மீட்கப்பட்டதை அறிவீர்கள். வெளிநாட்டு வேலை என்றால், அம்முகவர் அரசிடம் பதிவு பெற்றவர்தாமா என்று இ-மைகிரேட் இணையத்தளத்தில் பார்த்த பின்னரே பணம் பற்றிப் பேசுங்கள். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இங்கே காவலாகவும் நிற்கும். பொய்யாமையும் அவ்வாறே. செய்யாத பணியைத் தன்விவரக் குறிப்பில் எழுதாதீர்கள். பெரியோர்களே, அறியாத திறமைக்கு நீங்களும் சான்று பகராதீர்கள். ஆற்றுப்படுத்துவோன் வழியையே காட்டினான். பரிசிலைப் பாணன் தன் யாழால் பெற்றான்.

நிறைவாகப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். "இன்னும் வேலை கிடைக்கவில்லையா?" என்று இனிக் கேளாதீர்கள். "உனக்கு என்ன வேலை தெரியும், தம்பி? நான் யாரிடம் சொல்லட்டும்?" என்று கேளுங்கள். முன்னது ஓர் இளைஞரை வாசலிலேயே நிறுத்தியது. பின்னது அவரைப் பந்திக்கு அழைத்து வரும்.

இன்றும் வெளியே யாரேனும் நின்றுகொண்டிருக்கலாம். உணவுக்குச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.